வால்பாறை மழைக்கு எந்த கேமரா: டஃப் கேமராவா, சீல் போட்ட பெரிய கேமராவா?

மழைப்பயணி:
வணக்கம். ஜூலையில் ஒரு வாரம் வால்பாறை போகிறேன். தவளை, பூச்சி, சோலைக்காட்டு மழை, இதுதான் எடுக்கப்போவது. போன வருஷமும் போனேன். கேமரா கீழே விழவில்லை, தண்ணீரில் முங்கவும் இல்லை. ரெயின்கோட்டுக்குள்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் லென்ஸுக்கு உள்ளே புகை படிந்த மாதிரி இருந்தது. மதியம் திரையில் கோடு. சாயந்தரம் ஆளே இல்லை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், "மழைக்குத் தாங்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இப்போது மனதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7, தண்ணீரும் அடியும் தாங்கும் சின்ன கேமரா. இன்னொன்று, அதே கம்பெனியின் ஓஎம்-5, லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா, கூட 60 மி.மீ. மேக்ரோ (சின்னதைக் கிட்டப்போய் எடுக்கும்) லென்ஸ்; ஓஎம்-5, லென்ஸ் இரண்டும் செகண்ட் ஹேண்டில். அடித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

கல்லுருட்டி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டிஜி-7 தான். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும், 100 கிலோ அழுத்தம், மைனஸ் 10 டிகிரி குளிர். ஜூம் செய்தால் லென்ஸ் வெளியே நீளாது, எல்லாம் உள்ளேயே நகரும். மழையில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். நான் சேற்றில் போட்டுவிட்டு ஓடையில் கழுவி எடுத்திருக்கிறேன். பெரிய கேமராக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்பதை வேடிக்கை பார்த்தும் இருக்கிறேன்.

முழுச்சட்டம்:
100 கிலோ தாங்கும், சரி. யானை மிதிக்கப்போகிறதா? படம் எப்படி வரும் என்று யாரும் பேசுவதே இல்லை.

டிஜி-7 சென்சார், அதாவது உள்ளே படம் விழுகிற சில்லு, ஏறக்குறைய 6.2 x 4.6 மி.மீ. பரப்பு 28 சதுர மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஓஎம்-5 சென்சார் 17.3 x 13 மி.மீ., அதாவது 225. எட்டு மடங்கு. சோலைக்காட்டில் மழை மூட்டத்தில் பகல் 3 மணிக்கே ஐஎஸ்ஓ (வெளிச்சம் போதாதபோது கூட்டுகிற அளவு) 1600 வேண்டும். அங்கே டிஜி-7 எடுக்கும் இலையெல்லாம் வாட்டர் கலர் ஓவியம் மாதிரி ஆகிவிடும். கேமரா பத்திரமாகத் திரும்பி வரும், படம் வராது.

கல்லுருட்டி:
கணக்கைப் பாதியில் நிறுத்துகிறீர்களே. டிஜி-7 லென்ஸ் திறப்பு எஃப் 2; இந்த எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். ஓஎம்-5 உடன் எல்லாரும் மாட்டுகிற 12-45 லென்ஸ் எஃப் 4. இரண்டு ஸ்டாப் வித்தியாசம், நாலு மடங்கு வெளிச்சம். உங்கள் எட்டு மடங்கு இப்போது இரண்டு மடங்கு.

முழுச்சட்டம்:
எஃப் 2 விரிகோணத்தில் மட்டும். ஜூம் முழுக்கப் போனால் அது எஃப் 4.9. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதுவும் அவர் கேட்பது 60 மேக்ரோ, அது எஃப் 2.8.

தவளைக்காரி:
இரண்டு பேரும் தவளையை மறந்துவிட்டீர்கள். நான் ஆறு வருஷமாக மழைக்காலத்தில் தவளைக் கணக்கெடுப்புக்குப் போகிறேன், இரண்டு கேமராவும் கையாண்டிருக்கிறேன்.

இலை மேல் உட்காரும் புதர்த் தவளைகள் பல 2 செ.மீ. தான். அவ்வளவு கிட்டப் போகும்போது பெரிய சென்சாரில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு மங்கிவிடும். எஃப் 11, எஃப் 16 என்று மூட வேண்டும், அப்புறம் ஃபிளாஷ் கட்டாயம். எட்டு மடங்கு, இரண்டு மடங்கு எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். சின்ன சென்சாருக்கு இந்த இடத்தில் மட்டும் யோகம்: மூக்கு முதல் பின்னங்கால் வரை தெளிவாக விழும். டிஜி-7 லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. வரை கிட்டப் போகும். ஃபிளாஷ் முன்னால் மாட்டுகிற எஃப்டி-1 என்ற டிஃப்யூசரை மட்டும் தனியாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஈரத் தோலில் வெள்ளைப் பொட்டு பொட்டாக விழும்.

ஆனால் கல்லுருட்டி அண்ணே, 1 செ.மீ. என்பது தவளையின் மூக்கு மேல். மூன்றில் இரண்டு தரம் அது குதித்துவிடும், நமக்குக் கிடைப்பது வெறும் இலை. 60 மேக்ரோவில் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், விளக்குக் காட்ட இடம் கிடைக்கும், தவளைக்கும் நிம்மதி. ஆனைமலைப் பறக்கும் தவளையை எடுக்கப் போகிறீர்கள் என்றால் (வால்பாறை ஆண்டிப்பாறை சோலையிலிருந்துதான் 2000-இல் முதலில் விவரித்தார்கள்) அது தலைக்கு மேலே கிளையில் இருக்கும். அங்கே டிஜி-7 எட்டுவது கஷ்டம்.

இன்னொன்று. ராத்திரி காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள், அது புலிகள் காப்பகம். தங்கும் இடத்துத் தோட்டத்தில், ரோட்டோர ஓடையிலேயே நிறையத் தவளை கிடைக்கும்.

நடைராசன்:
எதற்குங்க இவ்வளவு? என் போன் ஐபி68, தூசிக்கும் தண்ணீருக்கும் தருகிற தர நம்பர். மழையில் எடுக்கிறேன், கழுவுகிறேன், சட்டைப் பையில் போடுகிறேன்.

கல்லுருட்டி:
அந்த 68 பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் சுத்தத் தண்ணீர், அரை மணி நேரம் என்ற கணக்கு. அதையும் புது போனில் சோதித்திருப்பார்கள். நனைந்த விரலால் மழையில் திரையைத் தொட்டுப் பாருங்கள், கேமரா திறப்பதற்குள் யாருக்கோ போன் கால் போயிருக்கும். தண்ணீர் போனால் வாரண்டியிலும் கிடைப்பது கஷ்டம்.

நடைராசன்:
போன வாரம்தான் மாமனாருக்குக் கால் போனது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

திருப்புளி:
கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மழை சீசன் முடிந்தால் எனக்குத் தீபாவளி. அதனால் நான் சொல்வது என் வியாபாரத்துக்கு எதிரானது.

போன அக்டோபரில் ஒரு டஃப் கேமரா வந்தது. "15 மீட்டர் என்று சொன்னான், முழங்கால் ஓடையில் செத்துவிட்டது" என்று பையன் அழாத குறை. பேட்டரி மூடியைத் திறந்தேன். ரப்பர் மேல் ஒரே ஒரு முடி, குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அது போதும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் முடியின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை இடைவெளி இருக்கும், தண்ணீர் அதன் வழியே நூல் பிடித்த மாதிரி உள்ளே வரும். அடியில் பச்சை பூத்த செம்பு. அவ்வளவுதான் கதை.

டஃப் கேமரா என்பது ஒரு ரப்பர் வளையம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது. அந்த ரப்பரை வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லி அந்தக் கம்பெனியின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? என் கடைக்கு ஒருத்தரும் அதற்காக வந்ததில்லை. வெயிலில் சூடான கேமராவைச் சில்லென்ற ஓடையில் முக்குவார்கள். உள்ளே காற்று சுருங்கும், வெளியே இருக்கிற தண்ணீரை அதுவே இழுக்கும். 15 மீட்டர் கணக்கில் இதெல்லாம் வராது.

ஓஎம்-5 பற்றி: அதற்கு ஐபி53 என்று நம்பர் உண்டு. "வெதர் சீல்டு" என்று வெறும் வாயால் சொல்லாமல் நம்பரோடு சொல்கிறவர்கள் குறைவு, அதற்கு ஒரு மரியாதை. ஆனால் அந்த 3 என்பது சாரல். மேலிருந்தும் சாய்வாகவும் தெளிக்கிற தண்ணீர். அருவி இல்லை, ஓடை இல்லை. லென்ஸும் சீல் உள்ளதாக இருந்தால்தான் அதுவும். 60 மேக்ரோவில் சீல் இருக்கிறது, நீளவும் செய்யாது. ஆனால் மழையில் லென்ஸ் மாற்றினீர்கள் என்றால் ஐபி53 ஐபி பூஜ்யம்.

மழைப்பயணி:
அண்ணே, என் பழைய கேமராவில் ரெயின்கோட்டுக்குள் இருக்கும்போதே தண்ணீர் எப்படிப் போனது?

திருப்புளி:
தண்ணீர் போகவில்லை தம்பி, காற்று போனது. எப்படிப் போனீர்கள், கார்தானே?

மழைப்பயணி:
ஆமாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டுக்கொண்டு. ரூமிலும் ஹீட்டர்.

திருப்புளி:
அதேதான். ஏசியில் சில்லென்று ஆன கேமராவை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று அதன் மேல் வேர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி. வெளியே வேர்த்தால் துடைக்கலாம். பட்டனைத் தட்டி, ஜூமை இழுத்து, மூடியைத் திறந்து அந்தக் காற்றை உள்ளே விட்டால் லென்ஸுக்குள்ளும் சர்க்யூட் போர்டிலும் வேர்க்கும். ரெயின்கோட்டுக்குள் உங்கள் உடம்பு வேர்வை வேறு, அது ஒரு இட்லிப் பானை. இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஏசியை அணையுங்கள். அல்லது ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, வெளியே வைத்து, கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். ராத்திரி காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் வெளுத்து ரோஸ் ஆனால் வாணலியில் வறுத்தால் திரும்ப நீலமாகும், அந்த வாணலியில் சமைக்காதீர்கள்.

முழுச்சட்டம்:
அப்படியென்றால் நான் சொன்னதுதானே? பராமரிப்புதான் முக்கியம் என்றால் நல்ல படம் எடுக்கிற கேமராவையே பராமரிக்கலாம். பத்து வருஷமாக மழையில் எடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

திருப்புளி:
நீங்கள் பராமரிப்பீர்கள் சார். இவர் மூன்று நாளில் ஒன்றைக் கொன்றவர். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

பனிமனிதன்:
ஓரமாக ஒன்று. லடாக் ஜான்ஸ்கர் உறைந்த ஆற்று நடைக்கு ஜனவரியில் போனேன். அங்கே ராத்திரி மைனஸ் 20-க்கும் கீழே போகும், டிஜி-7 சொல்கிற மைனஸ் 10 அங்கே செல்லாது. கேமரா சாகவில்லை, பேட்டரி பாதியில் படுத்துவிட்டது. உள்சட்டைப் பையில் இரண்டு பேட்டரி சூடாக வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். வால்பாறைக்கு இது தேவையில்லை, பின்னால் யாருக்காவது உதவும்.

கல்லுருட்டி:
முழுச்சட்டம் சார், உங்கள் கேமரா மழையில் தாங்கவில்லை, உங்கள் மனைவி குடை பிடித்திருக்கிறார். அதைத்தான் போன வருஷப் படங்களில் பார்த்தேன்.

முழுச்சட்டம்:
அது மைத்துனர்.

மழைப்பயணி:
முடிவுக்கு வந்துவிட்டேன். டிஜி-7 புதிதாக, டிஃப்யூசரோடு வாங்குகிறேன். செகண்ட் ஹேண்டில் யார் எப்படி ரப்பரை வைத்திருந்தார்களோ தெரியாது, அந்தப் பயத்தில்தான் ஓஎம்-5 இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டேன். பறக்கும் தவளையைக் கண்ணால் பார்த்தால் போதும். முழுச்சட்டம் சார் சொன்ன வாட்டர் கலர் இலையை ஏற்றுக்கொள்கிறேன்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு மூக்குப்பொடியும் உப்பும் வாங்கி வைத்துவிட்டேன், போன வருஷம் சாக்ஸ் முழுக்க அதுதான் தூவினேன்.

திருப்புளி:
அந்தக் கையோடா பேட்டரி மாற்றினீர்கள்?

தவளைக்காரி:
அட்டைச் சாக்ஸ் துணியில் கிடைக்கும், முழங்கால் வரை. அதை வாங்குங்கள். உப்புக் கையோடு தவளையைத் தொட்டால் அதற்கும் ஆகாது.