பழைய ஏஜே விளக்கு வாங்குகிறவர்கள் முதலில் வயரைப் பாருங்கள்

போன டிசம்பரில் கோபன்ஹேகனில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்தேன். கோட்டு மாட்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால், தூசி படிந்து நின்றது. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிவாகவும் இறங்கும் அந்தக் கறுப்பு மூடியைக் கண்டதுமே தெரிந்துவிட்டது: டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகொப்சனின் ஏஜே ஸ்டாண்டு விளக்கு!

கோபன்ஹேகனில் உள்ள எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலுக்காக அவர் வடிவமைத்தது. 1960-இல் திறந்த அந்த ஹோட்டலில் கட்டடம், நாற்காலி, கரண்டி எல்லாமே அவர் கைவண்ணம்தான். 606ஆம் எண் அறையை இன்றும் பழையபடியே காத்துவருகிறார்கள். அங்கே போய் வந்த நாளிலிருந்து இந்த விளக்கின் மேல் எனக்கு ஒரு கண்.

வீட்டுக்கு வந்ததும் எரியவிட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, முதலில் வயரை லேசாக வளைத்துப் பார்த்தேன். மூடிக்குள் நுழையும் இடத்தில் மேலுறை அப்பளமாக நொறுங்கி, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. விளக்கின் உடம்பு முழுக்க உலோகம். அந்தக் கம்பி எங்காவது தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "நன்றாக எரியும்" என்று சொல்லி விற்றவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எலக்ட்ரீஷியன் வயரையும் ஹோல்டரையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

பெயிண்ட் உரிந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். அடித்தட்டின் விளிம்பில் யார் காலோ பல வருடம் இடித்த தேய்மானம் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மூடியின் உட்புற வெள்ளையை மட்டும் துணியால் துடைத்தேன். அழுக்குப் போனதும் வெளிச்சம் கூடியது.

டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். விளக்கைப் போட்டால் புத்தகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் பல்பு கண்ணில் படுவதில்லை, கூசுவதும் இல்லை. என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா முதல் நாள், "பெரிய லைட்டைப் போடேன், அறையே இருண்டு கிடக்கிறது" என்றார். இப்போது ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் அந்த நாற்காலிக்குத்தான் வருகிறார். மூடியை இரண்டு விரலால் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறார்.