உறைபனியில் குழாய் பிளக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். ஊட்டி, தலைகுந்தா பக்கம் வீடு. டிசம்பர் பிறந்தால் விடியற்காலையில் குழாயில் ஒரு சொட்டு வராது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் வடக்குச் சுவரில், வெயிலே படாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் அல்லவா, போன வருடம் ஒரு எல்போ (குழாய் திரும்பும் இடத்து வளைவு இணைப்பு) பிளந்தே விட்டது. அதுவும் பனி உருகிய பிறகுதான் தெரிந்தது, வாசலெல்லாம் குளம்!

இப்போதைக்குச் சாக்குப்பை சுற்றியிருக்கிறேன். அது நனைந்து தானே விறைத்துப்போகிறது. இரவு முழுக்கக் குழாயைச் சொட்டவிடச் சொல்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர், மனசு வரவில்லை.

படுக்கும் முன் தொட்டி வால்வை அடைத்து, குழாயில் இருப்பதை வடித்துவிட்டால் போதுமா? இல்லை, கறுப்பு ஃபோம் உறைதான் போடணுமா? போட்டவர்கள் எவ்வளவு தடிமன், ஊட்டியில் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். ஹேர் டிரையர் யோசனை மட்டும் வேண்டாம், அந்த நேரத்தில் கரண்ட் இருந்தால்தானே!