தடித்த ஆக்சானைவிட மெல்லிய ஆக்சான் வேகமாகக் கடத்துவது எப்படி?

கேள்வி:
பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். கணவாய் மீனின் இராட்சத ஆக்சான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனானது; அதில் நரம்புத் தூண்டல் நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நம் கால் தசைக்குச் செல்லும் ஆக்சானோ 20 மைக்ரான் அளவுதான், ஆனால் வேகம் நொடிக்கு 100 மீட்டரை எட்டுகிறது. தடிமன் கூடினால் வேகமும் கூடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இதை எப்படி விளக்குவது? செல் உடலத்தில் புறப்படும் சோடியம் அயனிகளே ஆக்சானின் முனை வரை ஓடுகின்றனவா என்றும் ஒரு மாணவி கேட்டாள்.

மறுமொழி 1:
மாணவியின் கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் உங்கள் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஓய்வு நிலையில் ஆக்சானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கிறது. தூண்டல் வந்த இடத்தில் சோடியம் கால்வாய்கள் திறந்து, அயனிகள் சவ்வின் குறுக்கே உள்ளே பாய, அந்த இடம் மட்டும் நேர்மின் தன்மை பெறுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. முனை வரை செல்வது இந்த மாற்றமே தவிர, புறப்பட்ட அயனிகள் அல்ல. உறையில்லாத கணவாய் ஆக்சானில் சவ்வின் ஒவ்வொரு துளிப் பகுதியும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. நம் இயக்க நரம்பிலோ ஷ்வான் செல்கள் மையலின் உறையாகச் சுற்றியிருக்க, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை அந்த உறையில் வரும் இடைவெளிகளான ரேன்வியர் கணுக்களில் மட்டுமே கால்வாய்கள் செறிந்துள்ளன. அங்கே மட்டும் மாற்றம் நிகழ்ந்தால் போதும்.

மறுமொழி 2:
தடிமன் விதியைக் கைவிட வேண்டியதில்லை, ஐயா. ஒரே வகை ஆக்சான்களுக்குள் ஒப்பிட்டால் அது சரியாகவே பொருந்தும். உறையற்றவற்றில் வேகம் தடிமனின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது, அதாவது வேகம் இரு மடங்காக வேண்டுமானால் தடிமன் நான்கு மடங்காக வேண்டும். அந்த வழியில் போயிருந்தால் நம் தண்டுவடம் முதுகெலும்புக்குள் அடங்கியிருக்காது! உறையற்ற இழைகள் நம்மிடமும் உண்டு. காலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து மந்தமான எரிச்சலும் வருகின்றன அல்லவா? பிந்தியது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மட்டுமே கடத்தும் உறையற்ற மெல்லிய இழைகளின் வழியே வருவது.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படங்களில் தூண்டல் கணுவுக்குக் கணு வளைந்து குதிப்பதுபோல் அம்புக்குறி போடுகிறார்கள். அது தவறான எண்ணத்தையே தருகிறது. இடைப்பட்ட பகுதியில் மின்னோட்டம் ஆக்சானின் உள்ளேயே பரவுகிறது, கணுவில் அதற்கு மீண்டும் வலுவூட்டப்படுகிறது, அவ்வளவுதான். மூளையிலும் தண்டுவடத்திலும் உறையை அமைப்பவை ஷ்வான் செல்கள் அல்ல, ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயில் சிதைவது இந்த உறைதான். கடத்தல் தாமதமாவதும் சில இடங்களில் அடியோடு நின்றுபோவதும் அதனால்தான்.