வீட்டுக்கல்வி: கைவேலை ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷமே அழுகை. எதை மாத்தணும்?

காகிதக்கப்பல்:

எல்லாருக்கும் வணக்கம். 6 வயசுல பெண், 4 வயசுல பையன், ஒன்றரை வயசுல ஒரு குட்டி. பெரியவங்க ரெண்டு பேருக்கும் வீட்டுலயே பாடம். எழுத்து, எண்ணிக்கை, வடிவம் எல்லாத்தையும் முடிஞ்சவரைக்கும் கைவேலை வழியாத்தான் சொல்லித் தர்றோம். காலைல 9.30-க்கு உட்கார்ந்தா 11 வரைக்கும் ஒரே மூச்சு.

பெரியவள் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி வெட்டினாலே தாளைக் கிழிச்சுப் போட்டுடுறா. சின்னவன் பசையை ஊத்திடுறான், தாள் ஊறிப்போகுது, கையெல்லாம் ஒட்டுதுன்னு அழறான். அவனோட கத்திரிக்கோல் வெட்டவே மாட்டேங்குது, தாள் அலகுக்கு நடுவுல மடங்கிக்குது. குட்டி வந்து எல்லாத்தையும் இழுக்குறா. வாரத்துல ரெண்டு நாளாவது மொத்தமும் அழுகைலதான் முடியுது.

அந்த நாள்ல பாடத்தை விட்டுடலாமா, இல்ல எப்படியாவது முடிக்க வைக்கணுமா? எழுத்துக்கும் கணக்குக்கும் உருப்படியா உதவுற கைவேலை எது? அளவோடயும் முறையோடயும் சொன்னீங்கன்னா நல்லது.

மரப்பாச்சி:

நீங்க எழுதினதுல பாதி குழந்தைங்களோட பிரச்சினையே இல்லைங்க, பொருளோட பிரச்சினை. முதல்ல அதைச் சரி பண்ணிடலாம்.

தாள் மடங்குதுன்னா கத்திரிக்கோலோட ரெண்டு அலகும் ஒண்ணோட ஒண்ணு உரசலைன்னு அர்த்தம். முழுக்கப் பிளாஸ்டிக்ல வர்றது பெரும்பாலும் இப்படித்தான். நுனி மழுங்கலா, அலகு மட்டும் உலோகமா, 12, 13 செ.மீ. நீளத்துல இருக்கிறதா பாருங்க. திருகு தளர்ந்திருந்தா இறுக்குங்க. இன்னொண்ணு, பையன் இடதுகைப் பழக்கமான்னு கவனிங்க. வலதுகைக் கத்திரிக்கோலை இடது கைல பிடிச்சா, கட்டைவிரல் தள்ளுற திசை அலகுகளைச் சேர்க்காது, விலக்கும். மேல் அலகு கோட்டையும் மறைச்சுடும். நாம எவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்தாலும் அதுல வெட்டு விழாது. இடது கைக்குன்னே செய்ற கத்திரிக்கோல்தான் வேணும்.

4 வயசுக்கு மெல்லிசுத் தாள் கொடுக்காதீங்க, தொய்ஞ்சு போகும். வாழ்த்து அட்டை கனத்துல, 2 செ.மீ. அகலக் கீற்றா நறுக்கிக் கொடுங்க. ஒரு தடவை மூடினா ஒரு துண்டு விழணும். அது கைவந்தப்புறம் 10 செ.மீ. நேர்கோடு, அப்புறம் பெரிய வளைவு, மூலை திரும்புறது கடைசில. கட்டைவிரல் எப்பவும் மேல் பக்கம் பார்க்கணும், முழங்கை விலாவை ஒட்டி இருக்கணும். வெட்டுற கை நேராத்தான் போகும். தாளைத் திருப்புறது இன்னொரு கையோட வேலை. இதைச் சொல்லித் தராததாலதான் நிறையக் குழந்தைங்க உடம்பையே வளைச்சுகிட்டு வெட்டுறாங்க.

பெரியவளுக்குப் பென்சில் கோடு போடாதீங்க. மெல்லிசுக் கோட்டுல 1 மி.மீ. விலகினாலும் கண்ணுல குத்தும். தடி ஸ்கெட்ச் பேனாவுல 5 மி.மீ. அகலத்துக்குக் கோடு போடுங்க. கறுப்புக்குள்ள எங்க வெட்டினாலும் சரிதான். கூடவே எப்பவும் ரெண்டு தாள் கொடுங்க, முதல் தாளுக்குப் 'பழகு தாள்'னே பேர். நீங்க செஞ்ச அழகான மாதிரியைப் பக்கத்துல வைக்கவே வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தன்னோடது மட்டம்னு முடிவு பண்றா. எப்படி மடிக்கிறது, எங்க வெட்டுறதுன்னு காட்டணும்னா வேற ஒரு தாள்ல காட்டிட்டு எடுத்து வச்சுடுங்க.

பசை: புட்டியைக் கைல கொடுக்காதீங்க. ஒரு மூடில ஒரு டீஸ்பூன் ஊத்தி, காது துடைக்கிற பஞ்சுக்குச்சி ஒண்ணைக் கொடுங்க. வெள்ளைப் பசைல தண்ணி இருக்கு. தாள்ல படும்போது நார் ஊறி விரியும், காயும்போது ஒரே மாதிரி சுருங்காது, அதான் அலை அலையா நெளியுது. தாளோட தாள் ஒட்ட குச்சிப் பசை போதும். வெள்ளைப் பசையை அட்டை, மரம், துணிக்கு வச்சுக்கோங்க. ஈரத்துணி ஒண்ணு அவன் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். கை பிசுபிசுன்னு இருக்கிறதே சில குழந்தைங்களுக்குத் தாங்காது. நினைச்ச நேரம் துடைச்சுக்கலாம்னு தெரிஞ்சாலே அடங்கிடும்.

கணக்குக்கு என்னைக் கேட்டா தாள் நெசவுதான். ஜெர்மனில 1837-ல சின்னக் குழந்தைங்களுக்குன்னு பள்ளி ஆரம்பிச்சு, 1840-ல அதுக்கு மழலையர் தோட்டம்னு (கிண்டர்கார்ட்டன்) பேர் வச்ச ஃபுரோபெல் குழந்தைங்களுக்கு வச்ச வேலைகள்ல இதுவும் ஒண்ணு. 20 செ.மீ. சதுரத் தாளை ரெண்டா மடிங்க. மடிச்ச ஓரத்துலேருந்து எதிர் ஓரத்தைப் பார்த்து, 2 செ.மீ.க்கு ஒண்ணா 9 வெட்டு. எதிர் ஓரத்துல 2 செ.மீ. வெட்டாம விட்டுடணும். பிரிச்சா 10 பட்டை கிடைக்கும். நல்லா எடுப்பாத் தெரியுற வேற நிறத்துல 2 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளத்துல கீற்றுகள் வெட்டிக்கோங்க. முதல் கீற்று பட்டைக்கு மேல ஆரம்பிச்சு மேல், கீழ், மேல், கீழ்னு போகும். ரெண்டாவது கீழ ஆரம்பிக்கும். ரெண்டையும் மேலயே ஆரம்பிச்சுட்டா ரெண்டாவது கீற்று முதல் கீற்றோட பாதைலயே நழுவிப் போய்ச் சேர்ந்துக்கும், நெசவு பிடிக்காது. சின்னவங்க செய்ற தப்பு அநேகமா இதுதான். நாம சொல்லாமலே அவங்களே கண்டுபிடிச்சுப் பிரிக்கவும் முடியும்.

முடிச்சதும் எண்ணச் சொல்லுங்க. ஒரு வரிசைல 10 கட்டம், அதுல ஒரு நிறம் 5. விரலை வச்சு வரிசை வரிசையா 5, 10, 15னு இறங்கினா அஞ்சாம் வாய்ப்பாடு அங்கயே இருக்கு. 4 வயசுக்கு 5 பட்டை, 3 கீற்று போதும்.

நிழல்மரம்:

மரப்பாச்சி பொருள் பக்கத்தைச் சொல்லிட்டாங்க. நான் நேரத்தையும் அழுகையையும் சொல்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஒரே இருப்பு 4 வயசுக்கு ரொம்ப அதிகம். 10-லேருந்து 15 நிமிஷம், நடுவுல ஓட்டம், மறுபடி 15 நிமிஷம். 6 வயசுக்கு 20, 25 நிமிஷம் வரைக்கும் இழுக்கலாம். ஒரு வாரத்துக்கு அழுகை ஆரம்பிக்கிற நேரத்தை மட்டும் ஒரு தாள்ல குறிச்சு வைங்க. பசி, தூக்கம், உடம்பு சரியில்லாதது, இந்த மூணுல ஒண்ணுதான் பெரும்பாலும் பின்னாடி இருக்கும். தினமும் 10.40-க்குன்னா 10.15-க்கே சாப்பிட ஏதாவது கொடுத்துடுங்க.

விட்டுடலாமா, முடிக்க வைக்கணுமான்னு கேட்டீங்க. ரெண்டும் இல்லை, சுருக்கிடுங்க. விரல் வேலை நுணுக்கமானது, களைச்ச குழந்தைக்கு முதல்ல கைவிடுறது அதுதான். அந்த நாள்ல வேலையை விரல்லேருந்து தோளுக்கும் முழங்கைக்கும் மாத்துங்க. மாவு பிசையுறது, ஈரத்துணியை முறுக்கிப் பிழியுறது, புத்தகக் கட்டை ஒரு அறைலேருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிட்டுப் போறது, தொட்டித் தண்ணிய குவளையால மாத்தி மாத்தி ஊத்துறது. தண்ணி ஊத்தும்போதே எத்தனை குவளைக்கு ஒரு குடம்னு எண்ணலாம், கணக்கும் ஆச்சு. பக்கத்துல உட்கார்ந்து 20 நிமிஷம் கதை வாசிங்க. அன்னைக்குப் பாடம் அவ்வளவுதான், அது குறை இல்லை.

அழுகை உச்சத்துல இருக்கும்போது எதையும் சொல்லித் தராதீங்க, காதுல ஏறாது. முதல்ல கத்திரிக்கோலைப் பேசாம எடுத்துடுங்க. அப்புறம் குழந்தையோட கண் உயரத்துக்கு உட்காருங்க. 'கோவமா இருக்கு, இங்கதான் இருக்கேன்', இதுக்கு மேல வார்த்தை வேண்டாம். தொட்டா பிடிக்காத குழந்தைன்னா தொடாம பக்கத்துல இருங்க. அடங்குறதுக்குக் கால் மணி நேரம், சில நாள் இன்னும் கூட ஆகும். அடங்கினதும் புத்திமதி சொல்லாதீங்க. கிழிச்ச தாளைத் தூக்கி எறியாம ஒரு பெட்டில போடுங்க, ஒட்டுப்படத்துக்கு ஆகும். பெரியவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு வெட்டு, இல்ல ஒரே ஒரு கீற்று செஞ்சுட்டு எழுந்திருக்கச் சொல்லுங்க. அழுகையோட எழுந்த இடமா அந்த மேஜை அவளுக்கு நினைவுல நிக்கக் கூடாது. அதுவும் மாட்டேன்னா விட்டுடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்.

கைவேலையைப் பரிசாவும் தண்டனையாவும் ஆக்காதீங்க. 'அழுதா களிமண் கிடையாது'ன்னு சொன்னா, அந்த நேரத்துல அவங்களை ஆத்தக்கூடிய ஒண்ணையே எடுத்துடுறோம்.

உங்களுக்குக் கோவம் ஏறினா குட்டியைத் தொட்டில்ல விட்டுட்டு, பெரியவங்க கைல கூரான பொருள் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, அடுத்த அறைல ரெண்டு நிமிஷம் நின்னு தண்ணி குடிச்சுட்டு வாங்க. இது ரொம்ப முக்கியம்ங்க, தயங்கவே தயங்காதீங்க. தூக்கமும் சாப்பாடும் மாறி, வாரக்கணக்குல தினமும் இதே நிலைன்னா குழந்தை மருத்துவர்கிட்ட காட்டுங்க. பெரியவளோட கண்ணையும் ஒரு தடவை பரிசோதிச்சுடுங்க. கோடு சரியாத் தெரியாத குழந்தை அதைச் சொல்லாது, கிழிக்கத்தான் செய்யும்.

தச்சுமேடை:

குட்டி விஷயம் சுருக்கமா. டிஷ்யூ சுருளோட நடு அட்டைக்குழாய் இருக்குல்ல, அதுக்குள்ள நுழையுற எந்தப் பொருளும் அவ முழிச்சிருக்கும்போது மேஜைல இருக்கக் கூடாது. மணி, பொத்தான் எல்லாம் அவ தூங்குற நேரத்துக்கு. பொத்தான் பேட்டரி, சின்னக் காந்தம், தண்ணில ஊறிப் பெருசாகுற ஜெல் உருண்டை, இந்த மூணும் வீட்டுக்குள்ளயே வேண்டாம். பேட்டரி உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே திசுவை அரிச்சுடும். காந்தம் ரெண்டா போனா குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கும். ஜெல் உருண்டை உள்ளே போய் ஊதி அடைச்சுடும். பலூன் துண்டும் ஆபத்துதான்.

அவளையும் பக்கத்துலயே உயரமான நாற்காலில உட்கார வச்சு, ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், பெரிய மூடிகள் நாலு கொடுங்க. தான் வேலைல இருக்கேன்னு அவளுக்குத் தோணினா இழுக்கிறது பாதியாக் குறையும்.

காகிதக்கப்பல்:

ரொம்ப நன்றி. பையன் ஸ்பூனை இடது கைலதான் பிடிக்கிறான், கத்திரிக்கோலோட சேர்த்து யோசிக்கவே இல்லை. ரெண்டு சந்தேகம். நெசவுல கணக்குப்படி 8 கீற்று போகணும், எட்டாவது நுழையவே மாட்டேங்குது. நிழல்மரம் சொன்ன மாவு இங்க எப்பவும் கைல ஒட்டுது. மைதா, உப்பு, தண்ணி கலந்து அப்படியே பிசையுறோம். எழுத்துக்கும் ஒரு வழி சொல்லுங்க.

மரப்பாச்சி:

வெட்டின நீளம் 16 செ.மீ., கீற்று 2 செ.மீ., அதனால 8 வரணும்னு தோணும். ஆனா ஒவ்வொரு கீற்றும் மேலயும் கீழயும் ஏறி இறங்குறதுல தாளோட கனத்துக்குக் கொஞ்சம் இடம் போயிடுது. 7 கீற்றோட நிறுத்திக்கலாம், ஒரு நிறம் 35 வரும். இல்ல கீற்றை 1.8 செ.மீ.க்கு நறுக்கி, ஒவ்வொண்ணையும் விரல் நகத்தால நெருக்கித் தள்ளிகிட்டே வாங்க, எட்டும் போகும்.

மாவு ஒட்டுறது வேகாததாலதான். 1 கப் மைதா, அரை கப் தூள் உப்பு, 1 கப் தண்ணி, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எல்லாத்தையும் அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடியே கட்டியில்லாம கரைச்சுக்கோங்க. மிதமான தீயில 3, 4 நிமிஷம் அடிபிடிக்காம கிளறினா முதல்ல கூழாகும், அப்புறம் திரண்டு பாத்திரத்தை விட்டு உருண்டையா வரும். ஒரு துளி கிள்ளி விரல்ல உருட்டினா ஒட்டக் கூடாது. ஒட்டினா மாவு சேர்க்காதீங்க, இன்னும் ஒரு நிமிஷம் கிளறுங்க. சூடுபட மாவு தண்ணியை உறிஞ்சிப் பிடிச்சுக்குது, பச்சை மாவுல அந்தத் தண்ணி வெளியதான் நிக்கும். சூட்டோட பிசையுறது உங்க வேலை, குழந்தைங்களோடது இல்லை. முழுக்க ஆறினப்புறம்தான் டப்பால மூடணும், இல்லேன்னா ஆவி படிஞ்சு மேல வழவழன்னு ஆயிடும். சில வாரம் தாங்கும். உப்பு நிறைய இருக்கு, குட்டி வாய்ல போடாம பார்த்துக்கோங்க. பச்சை மாவையும் தின்னவிடக் கூடாது.

நிழல்மரம்:

எழுத்துக்கு 30-க்கு 20 செ.மீ. தட்டு, அடில கருநிறத் தாள், மேல ஒன்றரைக் கப் ரவை இல்ல மெல்லிய மணல். அரை செ.மீ. உயரம்தான் வரும், அவ்வளவு போதும். அதுக்கு மேல போனா விரல் போட்ட பள்ளம் சரிஞ்சு மூடிக்கும், கருப்பு தெரியாது. நேர்கோட்டு எழுத்துல ஆரம்பிங்க: ட, ப. சுழி வர்ற அ, இ எல்லாம் அப்புறம். தப்பானா தட்டை ஒரு உலுக்கு உலுக்கினா போச்சு. பெரியவளுக்கு இதனாலயே இது பிடிக்கும், கிழிக்க ஒண்ணும் இல்லை.

அடுத்து மாண்டிசோரி முறைல வர்ற உப்புத்தாள் எழுத்து. 120-ஆம் எண் உப்புத்தாள் எடுங்க. பின்பக்கம் வரைஞ்சு வெட்டுறதா இருந்தா எழுத்தை இடவலம் மாத்தி வரையணும், இல்லேன்னா திருப்பினதும் ட தப்புப் பக்கம் பார்த்து நிக்கும். கனமான அட்டைல ஒட்டி, எழுத ஆரம்பிக்கிற இடத்துல ஒரு சிவப்புப் புள்ளி வைங்க. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து லேசா வருடினா போதும். அழுத்தினா நாலாவது தடவைலயே விரல் எரியும், அப்புறம் அந்த அட்டையைத் தொடவே மாட்டாங்க.