படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பேதியானால்: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூர் உறுப்பினர்:

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் அம்மாவுக்கு, வலிக்கு டிராமடால், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம் என மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை. போதாக்குறைக்கு, அடிக்கடி பிறரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில் அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார்.

சில நாள்களில் டயப்பரில் மலம் நீராகக் கசியத் தொடங்கியது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் பேதி என்று சொல்லி, அதை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையே வாங்கி வந்துவிட்டார். அதைக் கொடுப்பதற்குள், புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த செவிலியர், அம்மா முழுமையாக மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கே தெரியாமல் சிறிது சிறிதாகக் கசிகிறதென்றால், உள்ளே அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

மருத்துவர் அம்மாவை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கையுறை அணிந்த விரலால் ஆசனவாயைச் சோதித்தபோது, மலக்குடலில் மலம் கல்லாக இறுகிக் கிடந்தது. மேலே தேங்கிய இளகிய மலம்தான் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து வெளியே வந்திருக்கிறது. அந்த நிலையில் குடலின் அசைவை மேலும் மந்தமாக்கும் லோபெரமைடைக் கொடுத்திருந்தால் அடைப்பு முற்றியிருக்கும் என்று அவர் விளக்கினார். மரத்துப்போகும் ஜெல் தடவி, இனிமா கொடுத்து இளக்கி, எஞ்சியதை விரலால் சிறிது சிறிதாக எடுத்தார்கள். அந்த நேரத்தில் என்னை வெளியே போகச் சொன்னார் அம்மா. வலியைவிட அவருக்குக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

அதன்பின் மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி 17 கிராமை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து அன்றாடம் கொடுக்கச் சொன்னார்கள். போதிய தண்ணீரும் நடமாட்டமும் இல்லாதவருக்கு இசப்கோல் மலத்தைப் பருமனாக்கி மேலும் அடைக்கலாம் என்பதால் அது வேண்டாம் என்றார்கள். சாப்பிட்டவுடன் பெருங்குடல் இயல்பாகவே முடுக்கம் பெறும் என்பதால், காலை இட்லி முடிந்ததும் கமோடு நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் சற்று உயரும்படி பாதங்களுக்கடியில் மனைப்பலகை வைக்கிறோம். பொடியைவிட இந்தப் பலகைதான் அதிகம் உதவுகிறது என்பது அம்மாவின் கட்சி.

சேலம் உறுப்பினர்:

பார்க்கின்சன் நோயுள்ள என் பெரியப்பாவுக்கு இதே அடைப்பு வேறு வடிவில் வந்தது. சிறுநீர் நின்று அடிவயிறு புடைத்துவிட்டதால், புராஸ்டேட் வீக்கம் என்றே எல்லோரும் எண்ணினோம். குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிய மருத்துவர், மலக்குடலையும் சோதித்தார். அங்கே இறுகியிருந்த மலத்தை அகற்றிய பிறகு, குழாயை எடுத்தும் சிறுநீர் தானாகவே பிரிந்தது. இரவெல்லாம் பிதற்றிக்கொண்டிருந்ததும் தணிந்தது. இப்போது கட்டிலருகே மாட்டிய நாள்காட்டியில், மலம் கழித்த நாளில் அளவையும் இறுக்கத்தையும் பெரியம்மா குறித்து வைக்கிறார். இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடந்தால், மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப்பை மருத்துவர் சொல்லியிருக்கும் அளவுக்குக் கூட்டுகிறார்.