லேப்டாப்பில் இணைகிறது, போனில் இணையவில்லை: நகாமா சர்வரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

புலிக்கட்டம் (கேள்வி):

ஆடுபுலி ஆட்டத்தை இருவர் இரண்டு கருவிகளில் ஆடும்படி கோடோ 4 என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி என்ற வழக்கமான கட்டம்தான். பின்னால், ஆடுபவர்களை இணைக்கும் நகாமா சர்வரும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் விண்டோஸ் லேப்டாப்பில், டாக்கர் டெஸ்க்டாப்பில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடுகின்றன. பதிவில் 'ஸ்டார்ட்அப் டன்' என்று வருகிறது. 7351 என்ற போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) நிர்வாகப் பக்கமும் திறக்கிறது. ஆனாலும் மூன்று தொல்லைகள்.

போனில் நிறுவிய ஆட்டம் சர்வரைத் தொடவே மாட்டேன் என்கிறது. முகவரியை 127.0.0.1-இலிருந்து (அது அந்தந்தக் கருவி தன்னையே குறிப்பது) லேப்டாப்பின் 192.168.1.7-க்கு மாற்றியாகிவிட்டது. அடுத்தது, லேப்டாப்பிலேயே இரண்டு சாளரங்களைத் திறந்தால் முதலாமவர் புலியாகத்தான் நுழைகிறார். இரண்டாமவர் வந்ததும் இருவருமே ஆட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள், புலியை நகர்த்த ஆளில்லை. மூன்றாவது, வைத்த காய் எதிர்ச் சாளரத்தில் சில நேரம் உடனே தெரிகிறது, சில நேரம் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகிறது. ஒரே கணினிக்குள் இவ்வளவு தாமதமா? வாடகை சர்வர் எடுத்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

கம்பிவடம்:

போன் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஆட்டத்தை மூடிவிட்டு, போனின் பிரவுசரில் 192.168.1.7 என்ற முகவரியில் 7350 போர்ட்டைக் கொடுத்து, 'ஹெல்த்செக்' பாதையைத் திறந்து பாருங்கள். வெறும் {} என்று இரண்டு அடைப்புக்குறிகள் வந்தால் வலையமைப்பில் குறையில்லை. அப்போது கோடோவின் ஆண்ட்ராய்டு ஏற்றுமதி அமைப்பில் இன்டர்நெட் அனுமதிக்கு டிக் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு வாயைத் திறக்கவே விடாது.

அடைப்புக்குறி வராமல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் உங்கள் வைஃபையைப் 'பப்ளிக்' என்று வைத்திருக்கக்கூடும். 'பிரைவேட்' ஆக்குங்கள், அல்லது ஃபயர்வாலில் 7350-க்கு உள்வரும் டிசிபி (தொலைந்த தரவை மறுபடி அனுப்பும் இணைப்பு முறை) அனுமதி கொடுங்கள். போன் விருந்தினர் வைஃபையில் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல ரவுட்டர்கள் அதில் இருக்கும் கருவிகளை மற்றக் கருவிகளோடு பேசவிடுவதில்லை.

ராக்காவல்:

தம்பி, வாடகை சர்வருக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட வாடகையால் தீராது. மாதாமாதம் காசு கொடுத்து இதே ஆட்டுக்காரர்களைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு ஆட்டுக்காரர் கதை இப்படி இருக்க வேண்டும். உள்நுழைய டிவைஸ் ஐடியைக் கொடுக்கிறீர்கள். கோடோவில் கிடைக்கும் அந்த அடையாளம் கணினிக்கு உரியது, சாளரத்துக்கு உரியதல்ல. ஆகவே நகாமாவைப் பொறுத்தவரை இரண்டு சாளரத்திலும் இருப்பவர் ஒரே பயனர். நீங்கள் புலியா ஆடா என்ற பங்கை அந்தப் பயனரின் யூசர் ஐடியின்கீழ் எழுதிவைத்திருந்தால், முதலில் 'புலி' என்று விழுகிறது. இரண்டாவது இணைப்பு அதே இடத்தில் 'ஆடு' என்று மேலெழுதுகிறது. கோடோவில் பல சாளரங்களை ஒன்றாக ஓட்டும் அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி வாதம் (ஆர்க்யுமென்ட், தொடங்கும்போது நிரலுக்குக் கொடுக்கும் சொல்) கொடுக்கலாம். அதை டிவைஸ் ஐடியின் வாலில் ஒட்டுங்கள். மொத்த நீளம் 10 முதல் 128 எழுத்துக்குள் இருந்தால் நகாமா ஏற்றுக்கொள்ளும்.

சோதனைக்கு இது போதும், ஆட்டத்துக்குப் போதாது. நாளை ஒருவர் ஒரே கணக்கைப் போனிலும் டேப்லெட்டிலும் திறப்பார். இரண்டாவது இணைப்பைத் தடுப்பதா, முதலாவதைக் கழற்றிவிடுவதா என்பதை, ஒருவர் ஆட்டத்தில் சேர முயலும்போது நகாமா அழைக்கும் செயல்பாட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

தாமதத்துக்கு வலையமைப்பின்மேல் பழி போடாதீர்கள். டிக் ரேட்டை, அதாவது சர்வர் விநாடிக்கு எத்தனை முறை உங்கள் ஆட்ட நிரலை ஓட்டுகிறது என்ற எண்ணை, 1 என்று வைத்திருப்பீர்கள். வரும் செய்திகளை நகாமா சேர்த்துவைத்து, அடுத்த டிக்கில்தான் உங்கள் நிரலிடம் கொடுக்கும். டிக் அடிப்பதற்குச் சற்றுமுன் காய் வைத்தால் உடனே தெரியும், அடித்த மறுகணம் வைத்தால் முழு விநாடி காத்திருக்கும். 5 என்று மாற்றுங்கள், காத்திருப்பு 200 மில்லிவிநாடியைத் தாண்டாது. மேல்வரம்பு 60. மாறிமாறி ஆடும் ஆட்டத்துக்கு அதெல்லாம் வீண்செலவு.

இரண்டு சாளரத்திலும் காய் நகர்ந்தது, ஆகவே சர்வர் சரி என்று பலர் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம் இது. ஒழுங்காக ஆடுபவனை வைத்துச் சோதித்தால் சர்வரைப் பற்றி எதுவும் தெரியாது. பொய் சொல்லும் ஒருவனை உள்ளே அனுப்புங்கள். ஒரு சாளரத்தில் விதிச் சோதனையை எடுத்துவிட்டு, 15 ஆடும் இறங்குமுன் ஓர் ஆட்டை நகர்த்தச் சொல்லுங்கள். கோடே இல்லாத புள்ளிக்குப் புலியைத் தாவவிடுங்கள். எதிராளியின் முறையில் அனுப்புங்கள், ஒரே நகர்வை அடுத்தடுத்து இருமுறை அனுப்புங்கள். கட்டம் அசையக் கூடாது.

பிறகு, ஆட்டத்தின் நடுவே போனில் வைஃபையை அணையுங்கள். சாளரத்தை மூடினால் இணைப்பு முறையாக முறிந்து சர்வருக்கு உடனே தெரிந்துவிடும். வைஃபை போனால் தெரியாது. 'இருக்கிறாயா' என்று கேட்டு நகாமா அனுப்பும் 'பிங்'குக்குப் பதில் வராமல் 25 விநாடி கழிந்த பிறகுதான் ஆளைக் கழற்றும். அதுவரை எதிரே இருப்பவர் உயிரில்லாத கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மெதுவான வலையமைப்பை வரவழைக்க விண்டோஸில் கிளம்ஸி என்ற சிறு கருவி உண்டு. நீங்கள் பயன்படுத்தும் வெப்சாக்கெட் (ஆட்டத்துக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) டிசிபி மீது ஓடுவது என்பதை மறக்க வேண்டாம். தரவுப் பொட்டலம் (பாக்கெட்) தொலைந்தாலும் செய்தி தொலையாது, பிந்தித்தான் வரும்.

புலிக்கட்டம்:

இருவருக்கும் நன்றி. வைஃபை 'பப்ளிக்' ஆகத்தான் இருந்தது. மாற்றியதும் போனில் {} வந்தது, ஆட்டமும் இணைந்துவிட்டது. டிக் ரேட் 5-இல் காய்கள் தயங்காமல் விழுகின்றன. ராக்காவல் ஐயா சொன்ன பொய்யனையும் அனுப்பிப் பார்த்தேன். முறை தவறிய நகர்வைச் சர்வர் தள்ளிவிட்டது. ஆனால் 9 ஆடுகள் மட்டும் இறங்கியிருந்தபோது ஓர் ஆட்டை நகர்த்தச் சொன்னால், மறுபேச்சின்றி நகர்த்துகிறது. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்த 25 விநாடியை 5 ஆக்கிவிடலாமா?

ராக்காவல்:

அமைப்பில் குறைக்கலாம். பிங் இடைவெளி இயல்பாக 15 விநாடி, அதையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் போகிறவரின் போன் பாலத்துக்கடியில் சிக்னல் இழந்தால் உடனே ஆட்டத்தையும் இழப்பார். அதற்குப் பதில், 10 விநாடி எந்த நகர்வும் வராவிட்டால் 'எதிராளி யோசிக்கிறார் அல்லது தொடர்பில் இல்லை' என்று திரையில் காட்டுங்கள். கழன்றவரின் இடத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து, திரும்பினால் முழுக் கட்டத்தையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.

இன்னொன்று: டாக்கர் கம்போஸில் (சர்வரையும் தரவுத்தளத்தையும் சேர்த்து ஓட்டும் கருவி) 'டவுன்' கட்டளையோடு '-வி' சேர்த்தால் தரவுத்தளத்தின் தரவு இருக்கும் வால்யூமும் அழியும். சோதனைக் கணக்குகளைத் துடைக்க அது நல்ல வழி. நண்பர்கள் ஆடத் தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள். வெளியே வைக்கும் நாள் வந்தால், நிர்வாகப் பக்கத்தின் இயல்புக் கடவுச்சொல்லையும் சர்வர் கீயையும் (ஆட்டம் சர்வரிடம் காட்டும் சாவிச்சொல்) முதலில் மாற்றுங்கள். இரண்டும் நகாமா ஆவணத்தில் எல்லோரும் படிக்கும்படி அச்சாகியிருப்பவை.