மா லொறி சொன்ன நாளில் வருவதே இல்லை – சின்ன பேக்கரிக்கு என்ன வழி?

போறணை_ஹட்டன்:

வணக்கம். மலையகத்தில், ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே சின்ன பேக்கரி. ஒரு நாளைக்குக் கோதுமை மா 50 கிலோ மூட்டையில் இரண்டு ஓடும். பாண், பணிஸ், ரோல்ஸ், அவ்வளவுதான்.

மாவும் மாஜரினும் ஒரே மொத்த வியாபாரியிடம். முட்டை குருநாகல் பக்கத்து லொறி, ஈஸ்ட் ஒரு ரெப் (விற்பனைப் பிரதிநிதி), கேஸ் உள்ளூர் ஏஜென்ட். மாவில்தான் பெரிய தொல்லை. செவ்வாய் என்று சொன்னால் வியாழன் வருகிறது. 20 மூட்டை கேட்டால் 14 இறக்குகிறார்கள். சில நேரம் கேட்ட பிராண்ட் இல்லை, வேறு வருகிறது. விலை கூடினது பில் கையில் வந்த பிறகுதான் தெரிகிறது. பழைய பாக்கி 180,000 ரூபா இருப்பதால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆளை மாற்றவா, இவரோடே சமாளிக்கவா? ஸ்டோரில் எத்தனை மூட்டை வைத்திருக்க வேணும்?

கணக்குப்பிள்ளை:

மாற்றுவதா இல்லையா என்று இப்போது முடிவெடுக்க வேணாம். முதலில் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) வாங்குங்க. ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு வரி: ஓடர் போட்ட நாள், அவர் சொன்ன நாள், வந்த நாள், கேட்டது, வந்தது, திருப்பியது, சொன்ன விலை, பில் விலை. பத்து ஓடர் எழுதினால் போதும். "எப்பவும் லேட்" என்று சண்டை பிடிப்பதற்கும், "பத்தில் நாலுதான் நாளுக்கும் அளவுக்கும் சரியாக வந்தது" என்று கொப்பியைத் திறந்து காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கு.

ஸ்டோர் கணக்கு எல்லாரும் பிழையாகப் போடுவது. "வழக்கமாக இரண்டு நாளில் வரும்" என்று இரண்டு நாளுக்கு வைப்பார்கள். சராசரியைப் பார்க்காதீங்க, ஆக மோசமாகப் பிந்திய நாளைப் பாருங்க. ஓடர் போட்டதில் இருந்து ஆகக் கூடியது 5 நாள் என்றால், நாளுக்கு 2 மூட்டைப்படி 10, கைக்காவலாக ஒரு நாளுக்கு 2. கையிருப்பு 12 மூட்டைக்கு இறங்கின அன்றே அடுத்த ஓடர். லொறி ஒழுங்காக இரண்டு நாளில் வந்து 20 இறக்கினால் ஸ்டோரில் ஆகக் கூடியது 28 மூட்டை, அதாவது 14 நாள் மா.

அதற்கு மேல் அடுக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்தில் மா சாக்குக்குள்ளேயே கட்டி பிடிக்கும், பூஞ்சண வாடை வரும். தரையில் இருந்து அரை அடி உயரத்தில் பலகைத் தட்டு, சுவரில் இருந்து ஒரு அடி இடைவெளி, முதலில் வந்தது முதலில் வெளியே.

இன்னொன்று. மா, முட்டை, ஈஸ்ட், கேஸ் என்று நாலு பேர். ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வந்தாலும், நாலும் ஒன்றாகச் சரியாக அமைவது நூற்றுக்கு 66 தடவைதான் (0.9 × 0.9 × 0.9 × 0.9). அதனால் ஈஸ்ட் மாதிரி சின்ன விலைச் சாமானில் கஞ்சத்தனம் வேணாம். உடைக்காத 500 கிராம் பக்கெட் நாலைந்து கூடுதலாக வைத்தால் அந்த ரெப் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

தராசுத்தட்டு:

நாள் பிந்துவது கண்ணுக்குத் தெரியும் நட்டம். தரம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. லொறி வாசலில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவை:

மூட்டை: 20இல் 4ஐ நிறுங்க. டிரைவர் எடுத்துத் தருவதை இல்லை, நடு அடுக்கில் இருந்து நீங்க காட்டுவதை. வெறும் சாக்கை ஒரு தரம் தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்க. வாய்த் தையலைப் பாருங்க: மில் தையல் ஒரே நூலில் நேராக ஓடும், பிரித்துத் தைத்தது ஊசித் துளையில் தெரியும். பட்ச் நம்பர், உற்பத்தித் திகதி கொப்பியில். தராசும் அரச அளவை முத்திரை குத்தினதாக இருக்க வேணும், இல்லையென்றால் டிரைவர் தராசைத்தான் குறை சொல்வார்.

பிராண்ட் மாறி வந்தால்: 100 கிராம் மா, 60 மில்லி தண்ணீர், உருண்டையாகப் பிசைந்து அரை மணி நேரம் தண்ணீருக்குள் விடுங்க. பிறகு துணிக்கு மேல் பிடித்து, மெல்லிய குழாய்த் தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை கழுவுங்க. மிஞ்சும் ரப்பர் மாதிரியான பசையைப் பிழிந்து நிறுத்தால் 28 முதல் 32 கிராம் வரை இருந்தால் பாணுக்கு நல்ல மா. 24க்குக் கீழே என்றால் பாண் எழும்பாது, பக்கவாட்டில் பரவும். ஒரே கை, ஒரே தராசில் பழைய மூட்டை மாவையும் பக்கத்தில் கழுவிப் பாருங்க. தனி எண்ணைவிட அந்த ஒப்பீடுதான் நம்பத்தக்கது.

இது ஏன் முக்கியம்? 450 கிராம் பாணுக்கு 510 கிராம் அளவில் குழைத்த மா வெட்டுகிறோம். பலவீனமான மா தண்ணீர் குறைவாகக் குடிக்கும். 100 கிலோவுக்கு 60 லீட்டர் குடித்தது 57 என்று குறைந்தால் குழைத்த மாவில் 3 கிலோ போச்சு, கிட்டத்தட்ட 6 பாண், ஒவ்வொரு நாளும். அதைச் சரிக்கட்ட வெட்டும் அளவைக் குறைத்தால் நிறை குறைந்த பாணுக்கு மாட்டுவது நீங்க, மா தந்தவர் இல்லை.

ஈஸ்ட்: 38–40 பாகை சுடுதண்ணீர் 100 மில்லி, ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட். 15 நிமிடத்தில் நுரை தடிப்பாக எழும்ப வேணும். கப்பை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துச் செய்யுங்க, இல்லாவிட்டால் ஹட்டன் காலைக் குளிரிலேயே சோதனை தோற்கும். உடைத்த பக்கெட்டை ஈரக் காற்றில் திறந்து வைத்துவிட்டு ரெப் தலையில் கட்ட முடியாது.

முட்டை: ஒரு தட்டு 30. ஒவ்வொரு அடுக்கிலும் மூன்றை எடுத்துத் தண்ணீரில் போடுங்க. படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் அந்த அடுக்கே லொறிக்குத் திரும்பட்டும். உடைந்தது நூற்றுக்கு 2 வரை நம்ம கணக்கு, அதற்கு மேல் அவர் கணக்கு என்று முதலிலேயே பேசி வையுங்க.

கேஸ்: சிலிண்டரில் வெறும் நிறை எழுதியிருக்கும். மொத்த நிறையில் அதைக் கழித்தால் 12.5 கிலோ வர வேணும். கசிவு இருக்கா என்று வால்வில் சவர்க்கார நுரை வைத்துப் பாருங்க.

மொத்தக்கடை_மேசை:

லொறி அனுப்புகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன், கோபிக்காதீங்க. 20 கேட்டு 14 வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டோக் இல்லாமை இல்லை. கொழும்பில் ஏற்றின லொறி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி வரும்போது, வழியில் காசு நீட்டுகிற கடைக்கு ஆறு மூட்டை இறங்கிவிடும். கடன் பாக்கியுள்ள, கடைசியில் இருக்கிற, இறக்க ஆள் இல்லாமல் காத்திருக்க வைக்கிற கடைக்கு மிச்சம்தான்.

அந்த இடத்தை மாற்றுங்க. பழைய 180,000ஐத் தனிக் கணக்காகப் பிரித்து, மீதித் தொகையை எழுத்தில் வாங்குங்க. லொறிக்கு 15,000 வீதம் கட்டினால் 12 லொறியில் முடியும். புதுச் சரக்குக்கு அன்றைக்கே காசு. இப்படிக் கேட்டால் அநேகமான மொத்த வியாபாரி ஒத்துக்கொள்வார், ஏனென்றால் அவருக்கும் பழைய பாக்கி வருகிற வழி அதுதான். பக்கத்தில் இன்னும் இரண்டு பேக்கரி, ஹோட்டல் இருந்தால் சேர்ந்து 60 மூட்டையாக ஒரே இடத்தில் இறக்கச் சொல்லுங்க. 60 மூட்டைக்காக லொறி நேரத்துக்கு வரும். இறக்க இரண்டு பேரைத் தயாராக நிறுத்துங்க.

ரம்பொடை_வளைவு:

காசு உடனே கட்டுவது சரி, ஆனால் நிறுத்துப் பார்த்த பிறகு. முன்பணம் முழுசாகக் கொடுத்தால் பிடி போச்சு. மேலே சொன்னவருக்கு அது வசதி, நமக்கு இல்லை.

இரண்டாவது ஆள் கட்டாயம் வேணும். பாதிக்குப் பாதி பிரித்தால் இரண்டு பேருக்குமே நீங்க சின்ன கஸ்டமர் ஆகிவிடுவீங்க. நாலு லோடில் ஒன்று அவருக்குப் போதும், ஆனால் விடாமல். ஆறு மாதம் மறந்துவிட்டு மழை நாளில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். டவுனில் இரண்டு மொத்தக் கடை என்று ஏமாறவும் வேணாம்: இரண்டு பேரும் ஒரே டிஸ்ட்ரிபியூட்டரிடம் எடுத்தால் அது ஒரே ஆள்தான். "சரக்கு எங்கிருந்து வருது, எந்தப் பாதையில்?" என்று கேளுங்க.

பாதை விசயத்தில் ஒரு சூட்சுமம். அவிசாவளை வழியும் நாவலப்பிட்டி வழியும் வேறு வேறு என்று தோன்றும். லொறிகள் வழக்கமாக வருகிற கணக்கில் இரண்டும் கினிகத்தேனையில் சேர்ந்து ஒரே துண்டில்தான் ஹட்டனுக்கு ஏறும். அது அடைபட்டால் இரண்டும் போச்சு. உண்மையான மாற்று, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, நுவரெலியா வந்து தலவாக்கலை வழியாக இறங்குவது. சுற்று, வாடகை கூட. ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு ஆளைத் தெரிந்து வைத்திருங்க.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் மழை நம்ம பக்கச் சரிவில் அடிக்கும். அந்த மாதங்களில் 12 மூட்டை என்ற எல்லையை 16 ஆக்குங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மஞ்சள் நிற மண்சரிவு அறிவிப்பு விட்டால் அன்றே ஓடர் போடுங்க, சிவப்பு வரும்வரை பார்த்திருந்தால் லொறி ஏறாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகப் பாதைகள் பல ஒரே நேரத்தில் அடைபட்டன. அப்படியான நாளில் இரண்டாவது ஆளும் உதவ மாட்டார், ஸ்டோரில் இருப்பதுதான்.

மழை மட்டும் இல்லை. தோட்டச் சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதி பக்கம் விற்பனை ஏறும். டிசம்பர் போயாவில் (பௌர்ணமி) இருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன், சனி ஞாயிறில் ரோட்டும் நெரிசல், பாணும் கூட ஓடும். சித்திரைப் புத்தாண்டுக்கு டிரைவர்மார் ஊருக்குப் போனால் ஒரு கிழமை லொறியே இல்லை. தேவை கூடுகிற நாளும் லொறி குறைகிற நாளும் ஒன்றாக வருவது அந்த சித்திரையில்தான்.

போறணை_ஹட்டன்:

எல்லாருக்கும் நன்றி. ரம்பொடை அண்ணே, கினிகத்தேனை விசயத்தை யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம்: கேட்காத பிராண்டை இறக்கிவிட்டுப் போனால் சட்டப்படி நாம் எடுத்தே ஆக வேணுமா?

கணக்குப்பிள்ளை:

இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு. கேட்டதை விடக் குறைவாக வந்தால் முழுவதையும் மறுக்கலாம், அல்லது வந்ததை எடுத்துக்கொண்டு பேசின விலைப்படி அதற்கு மட்டும் கட்டலாம். வேறு சரக்கு கலந்து வந்தால் கேட்டதை மட்டும் எடுத்து மற்றதை மறுக்கலாம். ஆனால் மறுப்பதை நியாயமான நேரத்துக்குள் சொல்ல வேணும். நாலு மூட்டையை உடைத்துப் பாண் போட்ட பிறகு "இது வேணாம்" என்றால் எடுபடாது. சிறு தொகைப் பிணக்கென்றால் வழக்குக்கு முன், பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபை இருக்கு.

ஆனால் எதைக் கேட்டீங்க என்பதற்கு எழுத்து வேணும். போனில் ஓடர் சொல்லாதீங்க. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் ஓடர் போட்டதாக எண்ணுங்க:

"50 கிலோ பாண் மா 20 மூட்டை, பிராண்ட் ___, மூட்டை ரூ. ___. செவ்வாய் பகல் 12 மணிக்கு முன் இறக்க வேணும். விலையோ பிராண்டோ மாறினால் லொறியில் ஏற்ற முன் சொல்லவும். சொல்லாமல் மாறி வந்தால் இறக்க மாட்டோம். குறைந்தால் மீதி வெள்ளிக்குள். சரியென்றால் பதில் போடவும்."

குறைந்து வந்த அன்று பில்லிலேயே "14 மட்டும் பெற்றது" என்று எழுதி டிரைவர் கையெழுத்து வாங்குங்க. அவர் கொப்பியில் எழுதாமல் போனாலும் உங்க பிரதியில் இருக்கும்.